தொட்டிக்குப் போன கால்சியம்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பழமொழி சொன்ன ஊர்தான் இது. இன்றைக்குக் கொளத்தூர் வண்ணமீன் கடைகள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போனால், வாஸ்துவுக்கு நல்லது, வீட்டில் காசு தங்கும் என்று சொல்லி அதே ஆமையை விற்கிறார்கள். பேசினில் இரண்டு விரல்கடை தண்ணீர், அதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் பச்சைக் குட்டிகள், கண்ணுக்குப் பின்னால் சிவப்புத் தீற்று. மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துச் சிவப்புக் காது ஆமை எப்படி வில்லிவாக்கம் வழியாக நம் வீட்டு ஹாலுக்கு வந்தது என்பது தனிக் கதை. நம் நாட்டு ஆமைகள் பலவற்றை, நட்சத்திர ஆமை உட்பட, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வீட்டில் வைக்க விடாது. அதனால் வெளிநாட்டு இனம் கடைக்கு வந்தது என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். நான் பேச வந்தது வாங்கிய பிறகு நடக்கும் ஒன்றைப் பற்றி.

ஆமை வளர்ப்பவர்கள் யாரிடம் பேசினாலும் ஒரு புலம்பல் கேட்கும். கால்சியம் போட்டால் தண்ணீர் கெடுகிறது, போடாவிட்டால் ஓடு கெடுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்கிற மாதிரி பேசுவார்கள். கடைக்காரரும் தலையாட்டுவார். எனக்கு இந்தப் பேச்சு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஆற்றிலும் குளத்திலும் கிடக்கிற உயிர் தன் ஓட்டுக்காகத் தண்ணீரைப் பாலாக்கிக்கொள்கிறதா என்ன? எங்கோ கணக்கு இடிக்கிறது என்று தெரிந்தது. எங்கே என்று தெரிந்தது தங்கச்சி வீட்டு லட்டுவால்தான்.

லட்டு என்பது என் மருமகள் வைத்த பெயர். எட்டாவது படிக்கிறாள். ஆமை அவளுடையது, தொட்டி அவள் அப்பாவுடையது. மாப்பிள்ளை லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர்; மோட்டார், பம்ப், பைப் என்றால் கை தானாகப் போகும். மூன்றடித் தொட்டிக்கு வெளியில் வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கி, பத்தாததற்கு அவரே ஒரு பிவிசி குழாயில் ஓட்டை போட்டுத் தண்ணீர் மேலிருந்து தூவுகிற மாதிரி செய்திருந்தார். தொட்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் ராகு காலம் எத்தனை மணி என்று தண்ணீர் வழியாகவே படிக்கலாம். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பாராட்டுவார்கள். ஆமையைப் பாராட்டி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

தண்ணீர் விஷயத்தில் அவர் பிடிவாதத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த தெரு அது. அப்படிப்பட்ட வீட்டில், நூற்றுச் சொச்சம் லிட்டர் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிவிட்டது, கீழே ஊற்றிவிட்டு வேறு பிடி என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

கடையில் கொடுத்த கால்சியம் கட்டி முதலில் போனது. சிப்பி வடிவத்தில் வெள்ளையாக, தண்ணீரில் போட்டால் தானே கரையும், ஆமைக்குப் போய்ச் சேரும் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. இந்தக் கட்டிகள் பலவும் ஜிப்சத்தைக் குழைத்து அச்சில் வார்த்தவை. ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம் அளவுக்குக் கரையும். கரையாதது உதிர்ந்து மிதக்கும். தொட்டி மங்கியது, ஃபில்டர் ஸ்பாஞ்ச் களிம்பு பிடித்தது. கட்டியைத் தூக்கிப் போட்டார். அப்புறம் கால்சியம் பவுடர். தீவனத்தின் மேல் தூவிப் போட்டார்கள்; தீவனம் தண்ணீரைத் தொட்ட நிமிடமே பவுடர் பிரிந்து தனியே போனது. ஆமை தின்றது வெறும் தீவனத்தை. கால்சியத்தைத் தின்றது ஃபில்டர். பவுடரும் நின்றது. தண்ணீர் மறுபடி பளிச்சென்று ஆனது, எல்லாருக்கும் நிம்மதி.

இதற்கு நடுவில் தொட்டிக் கண்ணாடியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் வெள்ளைக் கோடு ஒன்று ஏறிக்கொண்டே இருந்தது. போர் தண்ணீர் வீடுகளில் குழாய் வாயில் பிடிக்குமே, அதே உப்பு. பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். எலுமிச்சை மூடியால் அதைத் தேய்த்துக்கொண்டே மாப்பிள்ளை ஒருநாள் சொன்னார்: "கண்ணாடி பூரா கால்சியம் மச்சான். இதுக்கு மேல தனியா வேற போடணுமா?" சிரித்தோம். கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான்.

"ஜன்னல்ல கண்ணாடி இருக்கா?"

முதலில் கவனித்தது மருமகள்தான். லட்டு கல் மேல் ஏறுவதில்லை. ஏற முயற்சி செய்து, பின்னங்கால் வழுக்கி, விட்டுவிடுகிறது. ஓட்டின் ஓரம் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்த மாதிரி இருக்கிறது என்றாள். அம்மா உடனே பழமொழியை ஆரம்பித்தாள். தங்கச்சி முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள். ஆமை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் நானும் மாப்பிள்ளையும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்துணி போட்டு எடுத்துப் போனோம்.

மருத்துவர் ஆமையைத் திருப்பி, கட்டைவிரலால் ஓட்டின் பின்பக்க ஓரத்தை மெதுவாக அழுத்தினார். அது உள்ளே போனது. நமத்துப்போன அப்பளம் எப்படி ஒடியாமல் வளையுமோ அப்படி. பிறந்த புதிதில் குட்டியின் ஓடு லேசாக வளையும், அது சகஜம். இந்த வயதுக்கு வளையக் கூடாது என்றார். கீழ்த் தாடையைத் தொட்டுப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் கால் எலும்புகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்றே சரியாகத் தெரியவில்லை, அவ்வளவு மங்கல்.

கால்சியம் போட்டீர்களா என்று கேட்பார், கட்டி, பவுடர் கதை எல்லாவற்றையும் சொல்லலாம் என்று மாப்பிள்ளை தயாராக இருந்தார். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"தொட்டி எங்க இருக்கு?"

"ஹால்ல சார். ஜன்னலை ஒட்டி. காலைல நல்லா வெயில் விழும்."

"ஜன்னல்ல கண்ணாடி இருக்கா?"

"இருக்கு சார். கொசுவுக்காக எப்பவும் மூடித்தான் இருக்கும்."

"அப்ப அதுக்கு இதுவரைக்கும் வெயிலே கிடைக்கல" என்றார் மருத்துவர். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மூலக்கடையிலிருந்து பெரம்பூர் வரைக்கும் தார் உருகுகிற ஊரில் இருந்துகொண்டு வெயில் கிடைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

அவர் விளக்கியது இதுதான். வெயிலில் ஆமைக்கு வேண்டியது வெளிச்சமும் சூடும் மட்டும் இல்லை. 290-லிருந்து 315 நானோமீட்டர் வரைக்குமான புறஊதாக் கதிர், யுவிபி என்பார்கள், அது தோலில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி3 செய்துகொள்ளும். டி3 இல்லாமல் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. எவ்வளவு தின்றாலும் பெரும்பகுதி கழிவாக வெளியே போய்விடும். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விட்டுவிட்டு யுவிபியைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆமைக்கு ஓடு என்பது மேலே மாட்டிய மூடி கிடையாது, அதன் விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து விரிந்ததுதான் ஓடு. எலும்பு கரைந்தால் ஓடு கரைகிறது.

கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு அந்தப் புலம்பலின் ஓட்டை புரிந்தது. கால்சியத்தைத் தண்ணீருக்குப் போட வேண்டியதே இல்லை. வெள்ளையாகக் கலங்குகிற ஒவ்வொரு கிராமும் ஆமைக்குள் போகாத கால்சியம். தொட்டி கெடுவது கால்சியம் அதிகமானதால் அல்ல, அது போக வேண்டிய இடத்துக்குப் போகாததால். ஓட்டுக்கும் தண்ணீருக்கும் சண்டையே கிடையாது. சண்டை மூட்டிவிட்டது அந்தக் கட்டியும் பவுடர் டப்பாவும்தான்.

மொட்டை மாடி

வெயில் இலவசம். மொட்டை மாடி இலவசம் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஹவுஸ் ஓனர் அம்மா மாடிச் சாவியைத் துணி காயப்போட மட்டும்தான் கொடுப்பார். ஆமை காய வைக்க என்று தங்கச்சி கேட்டபோது அவர் முகம் போன போக்கை அவளே நடித்துக் காட்டினாள். வற்றல், வடாம் போடுகிற இடத்தில் ஆமையா? கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மூலை, அதுவும் வெள்ளிக்கிழமை கிடையாது என்று உடன்பாடு ஆனது.

எட்டு மணிக்கு மேல் அரைமணி நேரம், அவ்வளவுதான். அகலமான பேசினில் ஒரு பக்கம் செங்கல், ஒரு பக்கம் தண்ணீர், பாதிக்கு மேல் நிழல். இந்த நிழலை யாரும் விட்டுவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில் ஆழமில்லாத பேசின் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் கொதிக்கத் தொடங்கும் என்பதை மதியம் மாடிக் குழாயைத் திறந்து பார்த்தவர்கள் அறிவார்கள். சூடு தாங்காவிட்டால் ஆமை ஒதுங்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே செத்துவிடும். மேலே மூடுவதற்குக் கம்பி வலை. கண்ணாடியோ அக்ரிலிக்கோ போட்டால் மறுபடி ஜன்னல் கதைதான். வலை எதற்கு என்றால் காக்கைக்கு. காக்கை, பருந்து, பூனை மூன்றும் கொளத்தூரில் தாராளம். மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. டி3 சொட்டு மருந்தை இஷ்டத்துக்கு ஊற்றினால் அதுவும் விஷம். கொழுப்பில் தங்கிவிடும், கால்சியம் சிறுநீரகத்திலும் ரத்தக்குழாயிலும் போய்ப் படியும். வெயிலில் அந்த ஆபத்து இல்லை, தேவைக்கு மேல் செய்யாமல் தோலே நிறுத்திக்கொள்ளும். லட்டுவுக்கு மருத்துவர் எடை பார்த்து வாய்வழிக் கால்சியம் எழுதிக் கொடுத்தார். அது அவர் வேலை, அதைப் பார்த்து மற்றவர்கள் அளவு போடக் கூடாது.

கடல்நுரையும் கடல்பாசியும்

இனி சாப்பாடு. தீவனம் வாங்காத நாட்களில் தங்கச்சி வீட்டில் கோழித் துண்டும் ஈரலும்தான் போட்டார்கள். கடையில் விற்கும் உலர்ந்த இறாலும் உண்டு. ஆமை பாய்ந்து பாய்ந்து தின்னும், அதனால் நல்லது என்று நினைப்போம். ஆமைக்குப் போகிற உணவில் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்காவது கால்சியம் இருக்க வேண்டும். எலும்பில்லாத கோழிக்கறியில் கணக்கு தலைகீழ், கால்சியத்தைப் போலக் குறைந்தது 15 மடங்கு பாஸ்பரஸ். ஈரலில் இன்னும் மோசம். கறியாகவே தின்று வளர்கிற ஆமை நன்றாகத் தின்றுகொண்டே எலும்பு தேய்ந்து போகும். கீரையிலும் எல்லாம் ஒன்று இல்லை: பாலக் மாதிரி ஆக்சாலிக் அமிலம் நிறைய உள்ளது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எலும்போடு முழுசாகத் தின்னக்கூடிய சின்ன மீன்தான் நல்ல வழி. எங்கள் வீடு காசிமேடு பக்கம் என்பதால் பொடிமீனுக்குப் பஞ்சமில்லை. ஒரே எச்சரிக்கை: நெத்திலி வகை உட்பட சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது தயமின் என்கிற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி ஒன்று உண்டு. தினமும் அதையே பச்சையாகப் போட்டால் வேறு வியாதி வரும். ஒரு கொதி விட்டால் நொதி போய்விடும். கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு.

கால்சியத்துக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்றால் கடல்நுரை இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் இந்தப் பெயரில்தான் கேட்க வேண்டும். கணவாய் மீனின் உள் ஓடு அது. லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டில் சொருகி வைப்பார்களே, அதேதான். கிட்டத்தட்ட முழுவதும் கால்சியம் கார்பனேட், ஜிப்சம் போல இல்லாமல் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கினால் உப்புப் போக ஊறவைத்து, கொதிக்கவைத்து, காயவைக்க வேண்டும். ஒரு பக்கம் நகத்தால் கீறினாலே மாவாக உதிரும், மறுபக்கம் கண்ணாடி மாதிரி மெல்லிய தகடு. அந்தத் தகட்டைக் கத்தி முனையால் நெம்பி எடுத்துவிட வேண்டும், விளிம்பு கூர்மை. மிச்சத்தைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். லட்டு முதலில் அதை மூக்கால் தள்ளித் தள்ளி விளையாடியது. அப்புறம் ஒருநாள் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு கடி, அலகு அச்சு அப்படியே விழுந்திருந்தது. மருமகள் அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு, அத்தனை பேரும் ஆளுக்கொரு இதயம் போட்டோம். சில ஆமைகள் தொடவே தொடாது என்கிறார்கள். வற்புறுத்த ஒன்றுமில்லை.

பவுடரை என்ன செய்வது என்பதற்குத்தான் எனக்குப் பிடித்த பதில் கிடைத்தது. பவுடர் பிரியாமல் தீவனத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். ஜெலட்டின் வைத்துச் செய்யச் சொல்வார்கள். குளிர்நாட்டுக்கு அது சரி. நம் ஊரில் மே மாதத் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும், ஜெலட்டின் அதிலேயே தளர்ந்து போகும். ராயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா நோன்புக் காலத்தில் கடல்பாசி, அதாவது அகர் அகர், செய்து கொடுப்பார். தட்டில் வைத்து மணிக்கணக்கில் ஆனாலும் துண்டு துண்டாக நிற்கும், உருகாது. 85 டிகிரி வரைக்கும் சூடு ஏற்றினால்தான் அது இளகும். அவரிடமே பக்குவம் கேட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாமல், வேகவைத்த பொடிமீன், நறுக்கிய முருங்கைக்கீரை, பாஸ்பரஸ் சேராத கால்சியம் கார்பனேட் பவுடர் எல்லாம் போட்டுத் தங்கச்சி கடல்பாசி காய்ச்சினாள். கொஞ்சம் ஆறினதும் பவுடரைச் சேர்த்து நன்றாகக் கிளற வேண்டும், விட்டால் அடியில் தங்கிவிடும். சதுரமாக வெட்டி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். டப்பாவின் மேல் "ஆமை" என்று எழுதி ஒட்டியது மாப்பிள்ளை ராத்திரி ஒருமுறை எடுத்து வாயில் போட்ட பிறகு.

ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். கலங்கவில்லை. லட்டு கவ்வி, முன்னங்கால் நகத்தால் கிழித்து, இரண்டு பக்கமும் சிதறடித்துத் தின்றது. சிதறியதும் துண்டாகவே கிடந்தது, வலையில் அள்ளிவிடலாம்.

இந்த இடத்தில் எதிர்வீட்டுப் பாட்டியைச் சொல்லாமல் விட முடியாது. வெற்றிலைச் செல்லத்திலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பை எடுத்து, "இத தொட்டில கரைச்சு ஊத்தேன், கால்சியந்தானே" என்றார். நல்ல எண்ணம்தான், பழவேற்காடு பக்கத்துக் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் அந்தக் காலச் சுண்ணாம்பு வந்தது. ஆனால் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு கடுங்காரம். தண்ணீரின் காரத்தை ஒரேயடியாக ஏற்றி ஆமையின் கண்ணையும் தோலையும் பொசுக்கிவிடும். கிளிஞ்சல் வேறு, சுண்ணாம்பு வேறு. பாட்டிக்கு இதை விளக்குவதற்குள் தங்கச்சிக்கு வேர்த்துவிட்டது.

பளிச்சென்ற தண்ணீர்

சரி, தொட்டி. இப்போது சாப்பாடு தொட்டியில் போடுவதில்லை. தனி பேசின், தொட்டித் தண்ணீரையே கொஞ்சம் மொண்டு ஊற்றி அதில் தீனி. தின்றதும் பெரும்பாலும் அங்கேயே கழிந்துவிடும், அதோடு கொட்டிவிடலாம். ஃபில்டருக்குப் பாதி வேலை மிச்சம். கொட்டுவதைச் செடிக்கு ஊற்றுங்கள், ஆனால் புதினா, கொத்தமல்லிக்கு வேண்டாம். ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி சர்வசாதாரணமாக இருக்கும். குழந்தைகள் வாயில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்ன ஆமைகளால் வந்த நோயைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் 1975-லேயே நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமையை விற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். அவர்கள் ஊர்க் குட்டியை அவர்கள் ஊரிலேயே விற்கக் கூடாது, நாம் நாணய அளவில் வாங்குகிறோம். பேசினைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் இருப்பதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

மாப்பிள்ளையோடு எனக்கு இன்னும் தீராத வாக்குவாதம் ஒன்று உண்டு. தண்ணீர் தெளிவாக இருந்தால் சுத்தம் என்பது அவர் கட்சி. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. நாள்காட்டி தெரிகிற தண்ணீரிலும் அது இருக்கலாம். அதைத் தின்று செரிக்கிற பாக்டீரியா குடியிருப்பது ஃபில்டர் ஸ்பாஞ்சில். அவரோ ஸ்பாஞ்ச் வெள்ளை வெளேரென்று ஆகிறவரை மெட்ரோ வாட்டர் குழாயடியில் அலசுவார். அந்தக் குளோரினில் பாக்டீரியா போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும், ஸ்பாஞ்ச் பழுப்பாக இருக்கட்டும் என்றால் அவருக்கு மனசு ஒப்பவில்லை. அழுக்கை அழுக்கில் கழுவுவதா என்கிறார். அதற்காகத் தண்ணீரே மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாறுகிற தொட்டியில் ஓடு அழுகும், அதையும் பார்த்திருக்கிறேன். வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறார்கள். ஓட்டில் காய்ந்ததும் தெரிகிற வெள்ளைத் திட்டு போர் தண்ணீர் உப்பு, நனைந்தால் மறைந்துவிடும், பூஞ்சை என்று பயந்து மருந்து தடவ வேண்டாம்.

லட்டுவின் ஓடு இப்போது அழுத்தினால் உள்ளே போவதில்லை. மேல்நோக்கி வளைந்த ஓரம் வளைந்ததுதான், அது திரும்பாது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். கல் மேல் ஏறுகிறது. ஹவுஸ் ஓனர் அம்மா மாடிக்கு வரும்போது அதனோடு ஏதோ பேசுகிறார் என்று மருமகள் சொல்கிறாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டதும் மாடி நின்றது. மழைக்காலத்துக்கென்று யுவிபி குழல்விளக்கு ஒன்று வாங்கியிருக்கிறார்கள், கல்லுக்கு நேர் மேலே, நடுவில் கண்ணாடி இல்லாமல். இந்தக் குழலில் ஒரு வம்பு: ஆறு மாதம், ஒரு வருடத்தில் யுவிபி குறைந்துபோகும், வெளிச்சம் மட்டும் முன்போலவே எரியும், பார்த்தால் தெரியாது. மாப்பிள்ளை குழலின் ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதி வைத்திருக்கிறார். அதை அளக்க மீட்டர் ஒன்று இருக்கிறதாம். குழலைவிடப் பல மடங்கு விலை. விசாரித்துக்கொண்டிருக்கிறார், தங்கச்சிக்கு இன்னும் சொல்லவில்லை.